அந்திக் கடலும் சுறாவின் வேளையும்

(கோபிசெட்டிபாளையத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே,

வாய்க்காலிலும் கிணற்றிலும் நீச்சல் பழகிய நமக்குக் கடல் எப்போதாவது போய்வரும் இடம். சென்ற மாசியில் குடும்பத்தோடு இராமேசுவரம் போயிருந்தோம். பொழுது சாய்கிற நேரம். காற்றடங்கி, அக்னி தீர்த்தக் கடல் குளம்போலக் கிடந்தது. முழங்கால் அளவு நீரில் நின்ற என் பேத்தி, "அப்புச்சி, இந்தத் தண்ணிக்குள்ள சுறா இருக்குமா?" என்று கேட்டாள். இருக்காது என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

என் அப்பாரு இருட்டியபின் வரப்பில் இறங்குமுன் தடியால் இரண்டு தட்டுத் தட்டுவார். "பூச்சி பொட்டு இருக்கும், அதுக்கும் இது நடமாடற நேரம்" என்பார். பாம்பை அவர் வெறுத்ததில்லை. அதன் வேளையை அறிந்திருந்தார். கடலிலும் அந்த அறிவே வேண்டும் என்று கருதுகிறேன்.

பல சுறாக்கள் இரை தேடிக் கரையோரம் நெருங்குவது அந்தியிலும் விடியலிலும்தான். நீரில் எழும் அதிர்வைத் தொலைவிலேயே உணர்ந்து, பின் மோப்பத்தால் நெருங்கி, இறுதியில் மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகளால், மணலுக்கடியில் புதைந்திருக்கும் மீனின் உடலிலிருந்து எழும் மெல்லிய மின்புலத்தையும் கண்டுகொள்ளும் அந்த உயிருக்கு இருட்டு ஒரு தடையே அன்று. கலங்கிய நீரில் நம் காலசைவை மீனென்று அது தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே பொழுது சாய்ந்தபின் நீந்துவதையும், ஆற்று முகத்துவாரத்திலும் வலை இழுக்கும் இடத்திலும் இறங்குவதையும், ஆறாத புண்ணோடு குளிப்பதையும் தவிர்ப்பது நல்லது.

இதைச் சொல்லும்போதே அளவையும் சொல்லியாக வேண்டும். சீண்டாத மனிதரைச் சுறா கடிக்கும் நிகழ்வுகள் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 60, 70 மட்டுமே. நீரில் மூழ்கி இறப்போரோ 2 இலட்சத்துக்கும் மேல். நாம் பிடித்துக் கொல்லும் சுறாக்கள் கோடிக்கணக்கில். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசும் கொடுமையை 2013-இல்தான் நம் அரசு தடைசெய்தது.

பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்யப் பால்சுறா வாங்கும்போது அதன் தோலைத் தடவிப் பாருங்கள். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு. திருப்பித் தடவினால் உப்புத்தாள்போல விரலைப் பிறாண்டும். தோல் முழுவதும் பின்னோக்கிச் சாய்ந்த நுண்பற்கள்! பழங்காலப் பரதவர் முழுநிலா நாளில் மீன்வேட்டைக்குப் போகாமல், சுறவின் கொம்பை நட்டு அதில் தெய்வம் உறைவதாக வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. நாள்தோறும் அதனோடு கடலில் இருந்தவர்கள் அவர்கள்.

பேத்தியிடம், "இருக்கும் கண்ணு, இது அது சாப்பிடற நேரம், நாம மேலேறிக்கலாம்" என்றேன். படியில் அமர்ந்து காலைத் துடைத்துக்கொண்டே, "நாம வந்தது அதுக்குத் தெரியுமா?" என்றாள்.

"பக்கத்துல இருந்திருந்தா, நீ கால் வச்சதுமே தெரிஞ்சிருக்கும்" என்றேன்.