வைட்பேண்ட் சென்சாரை எங்கே மாட்டுவது? எஸ்டீம் தம்பியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். வைட்பேண்ட் சென்சார் பற்றியது. எக்ஸாஸ்ட் புகையில் இருக்கிற ஆக்சிஜனைப் பார்த்து, காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலந்து எரிந்தன என்று கேஜில் காட்ட உதவுகிற சென்சார் அது. திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் பழைய மாருதி எஸ்டீம் இருக்கிறது. டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்காகத் தயார் செய்கிறேன். ஃபோர்-டூ-ஒன் ஹெட்டர் போட்டாயிற்று, தனி ஈசியூவும் வாங்கியாயிற்று. பாஷ் எல்எஸ்யூ 4.9 வைட்பேண்ட் சென்சாரும் கண்ட்ரோலரும் கையில் இருக்கின்றன. இன்ஜினிலிருந்து எத்தனை இன்ச் தள்ளி ஓட்டை போட வேண்டும்? ஒருவர் 12 என்கிறார், ஒருவர் 24 என்கிறார், இன்னொருவர் டெயில் பைப்பிலேயே செருகிக்கொள் போதும் என்கிறார்."

சரி தம்பி, இன்ச் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். டர்போ இல்லாத வண்டிக்கு, சிலிண்டர் ஹெட்டின் எக்ஸாஸ்ட் போர்ட்டிலிருந்து குழாய் வளைந்து போகிற வழியிலேயே நூல் பிடித்து அளந்தால் 18 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. 24 இன்ச் வாக்கில் இருந்தால் நல்லது. ஹெட்டரில் சிலிண்டருக்கு ஒன்றாக வருகிற நான்கு குழாயும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு இருக்க வேண்டும். புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கிற வண்டியாக இருந்தால் அதற்கு முன்னால். இடம் இடிக்கிறது, ஆறு இன்ச் தள்ளிப் போகிறது என்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. குழாயின் எந்தப் பக்கம், எந்தச் சாய்வில்? என் பட்டறைக்கு வருகிற செத்துப்போன சென்சார்களைப் பார்த்தால், இன்ச் தப்பிப்போய்ச் செத்ததைவிடத் தண்ணீர் பட்டுச் செத்ததுதான் அதிகம்.

சைலன்சருக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பெட்ரோலில் இருக்கிற ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வெளியே வருகிறது. குழாய் சூடாக இருக்கும்போது அது ஆவியாகப் போய்விடும், நமக்குத் தெரியாது. காலையில் வண்டியை எடுக்கும்போது டெயில் பைப்பில் சொட்டுச் சொட்டாக விழுகிறதே, அதுதான் இது. குழாய் குளிர்ந்து கிடக்கிற முதல் சில நிமிடங்களில் ஆவியெல்லாம் சுவரில் பட்டுத் தண்ணீராகி, பள்ளமான இடத்தில் போய்த் தேங்கும்.

இந்தப் பக்கம் சென்சாரைப் பாருங்கள். அதன் மூக்கில் இருப்பது சிர்கோனியா, அதாவது பீங்கான் ஜாதி. உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்து அதைச் சுமார் 780 டிகிரி செல்சியஸில் நிறுத்தினால்தான் எல்எஸ்யூ 4.9 சரியாக அளக்கும். அந்தச் சூட்டில் இருக்கிற பீங்கான்மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் தெறித்தால்? எரிகிற லாந்தர் கண்ணாடிமேல் ஈரக் கையை உதறினால் என்ன ஆகுமோ அதேதான். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், கேஜ் கண்டபடி காட்டும், இல்லையென்றால் எரர் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

என் முதல் வைட்பேண்டை நானேதான் கொன்றேன். வண்டியின் தரைக்கும் குழாய்க்கும் நடுவில் மேல்பக்கம் இடமில்லை என்று, கீழே இருந்து மேல் நோக்கி மாட்டிவிட்டேன். மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் அவ்வளவு வசதி! மூன்றே வாரம். ஒருநாள் காலையில் கேஜ் எரர் காட்டியது. படுத்துக்கொண்டு ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன். கடைசித் திரெட் விட்டதும் துருப்பிடித்த காபி நிறத் தண்ணீர் ஸ்பேனர் வழியாக ஓடி முழங்கை வரை வந்து சட்டைக்குள் இறங்கியது. நான் வெல்டு செய்திருந்தது சென்சாரைத் திருகுகிற பங் இல்லை, தண்ணீர் பிடிக்க ஒரு டம்ளர். அதில் தலைகீழாக சென்சாரை ஊறப்போட்டிருந்தேன்.

ஆகவே கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் குறுக்குவெட்டுதான் கடிகாரம் என்றால், சென்சார் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் எங்காவது இருக்க வேண்டும், மூக்கு கீழே பார்த்தபடி. இடமே இல்லை என்றால் படுக்கைவாட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேலே தூக்கியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்காதீர்கள். சரியாக 12 மணிக்கு, செங்குத்தாக வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் வண்டியை அணைத்த பிறகு குழாயின் சூடு நேராக மேலே ஏறி ஒயர் வெளியே வருகிற ரப்பரைத் தாக்கும். எனக்குப் பிடித்தது 11 மணி அல்லது 1 மணி.

உங்கள் எஸ்டீமில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அனுப்பிய படத்தில் பார்த்தேன், ஹெட்டர் சேருகிற இடம் இன்ஜின் சம்ப்புக்குக் கீழே போய்ப் பள்ளமாக இறங்கி, அப்புறம் மேலே ஏறித்தான் பின்னால் போகிறது. அந்தப் பள்ளத்தில் 1 மணிக்கே வைத்தாலும் பலனில்லை. ராத்திரி முழுக்க அங்கே தேங்கிய தண்ணீரை முதல் ஸ்டார்ட்டில் புகையே அள்ளி எறியும். குழாய் அந்தப் பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன்னால் சரிவாக வருகிற பகுதியில் சேர்மானம் முடிந்திருந்தால் அங்கே வையுங்கள். இல்லையென்றால் பள்ளத்தைத் தாண்டி ஏறிவிட்ட நேரான பகுதியில் வையுங்கள். ஆறு இன்ச் தள்ளிப் போனாலும் பரவாயில்லை என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

12 இன்ச் என்று சொன்னவர் விஷயத்துக்கு வருவோம். அங்கே பிரச்சினை சூடு. எல்எஸ்யூ 4.9 தாங்குகிற புகைச் சூடு தொடர்ச்சியாக 930 டிகிரி வரைக்கும்தான். ஸ்பேனர் போடுகிற அறுகோணப் பகுதி 600 டிகிரியைத் தாண்டக் கூடாது. டிராக்கில் ஃபுல் திராட்டிலில் நிமிடக்கணக்கில் இழுக்கும்போது போர்ட்டுக்குப் பக்கத்தில் இந்த எல்லையை எளிதாக நெருங்கிவிடும். சென்சார் உடனே சாகாது, ஆனால் கண்ட்ரோலரால் மூக்கை 780-இல் நிறுத்த முடியாது. ஹீட்டரை முழுதாக அணைத்தாலும் புகையே அதற்குமேல் சுட்டால் என்ன செய்யும்? அந்த நேரத்தில் கேஜில் வருகிற எண்ணை நம்பி டியூன் செய்வது வீண். தவிர, 12 இன்ச்சில் உங்கள் ஹெட்டரில் இன்னும் நான்கும் சேர்ந்திருக்காது. ஒரு சிலிண்டரைப் பார்த்துவிட்டு நான்குக்கும் பெட்ரோல் அளந்து ஊற்றுகிற கதையாகிவிடும்.

டெயில் பைப் ஆலோசனை சொன்னவர் டைனோவில், அதாவது வண்டியின் சக்தியை அளக்கிற இடத்தில், வேலை பார்த்தவராக இருக்கலாம். அங்கே அவசரத்துக்குப் பின்னால் செருகி ஃபுல் திராட்டில் ஓட்டிப் பார்ப்பது உண்டுதான். நிரந்தரமாக வைத்தால் இரண்டு தொல்லை. புகை அங்கே வந்து சேருவதற்குள் ஆறிப்போய்விடும், தண்ணீர் அதிகம். அப்புறம், ஐடிலில் புகை ஒரே சீராக வெளியே போவதில்லை. துடித்துத் துடித்துப் போகும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே உறிஞ்சும். சென்சாருக்கு அது வெளிக்காற்றா, எரியாத ஆக்சிஜனா என்று தெரியாது. லீன், அதாவது பெட்ரோல் குறைவு என்று காட்டும்.

இதே ஏமாற்று வேலையை லீக்கும் செய்யும். சென்சாருக்கு முன்னால் மேனிபோல்ட் கேஸ்கட்டில் மயிரிழை லீக் இருந்தால் போதும். ஒரு வண்டி வந்தது, ஐடிலில் கேஜ் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 16 பங்குக்கு மேல் காற்று என்று காட்டுகிறது, 3000 ஆர்பிஎம்முக்கு மேல் சரியாக இருக்கிறது. வண்டிக்காரர் கேஜை நம்பி பெட்ரோலை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி நான்கும் கறுப்பு! கேஜ் லீன் என்கிறது, பிளக் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம் என்கிறது. இப்படி முரண்பட்டால் நான் பிளக்கைத்தான் நம்புவேன். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, டெயில் பைப்பை ஈரத்துணியால் சில நொடி அடைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். மூன்றாவது சிலிண்டர் கேஸ்கட்டில் நுரை பொங்கியது. மிஸ் அடித்தாலும் இதே கதைதான், எரியாத சிலிண்டரின் ஆக்சிஜன் முழுசாகக் குழாய்க்கு வந்துவிடும். ஆகவே சென்சார் மாட்டுவதற்கு முன்னால் லீக் பார்த்துவிடுங்கள்.

டர்போ வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் பார்ப்பீர்கள். உங்களுக்கு டர்போவுக்குப் பின்னால்தான், போர்ட்டிலிருந்து மூன்றடி வாக்கில், கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால். டர்போவுக்கு முன்னால் சூடும் அதிகம், அழுத்தமும் அதிகம். அழுத்தம் கூடினால் இந்த சென்சார் ரிச்சை இன்னும் ரிச்சாகவும், லீனை இன்னும் லீனாகவும் காட்டும்.

இப்போது வெல்டிங். பங் என்றால் எம்18, 1.5 பிட்ச் திரெட் போட்ட எஃகு நட்டு, அவ்வளவுதான். லேத் பட்டறையில் கடைந்தும் தருவார்கள். முதலில் சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போங்கள். வைக்கப் போகிற இடத்தில் பிடித்து, ஒயர் வளைவதற்கும் சேர்த்து மேலே இடம் இருக்கிறதா, ஸ்பேனர் திரும்புமா என்று பாருங்கள். ஃபுல் திராட்டிலில் இன்ஜின் மவுண்டில் ஆடும்போது குழாயும் கூடவே ஆடும், அதற்கும் இரண்டு விரல் இடம் விடுங்கள். மார்க் செய்தபின் குழாயைக் கழற்றி ஆர்கான் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வெல்டு செய்யும்போது பங்கில் ஒரு டம்மி போல்ட் இருக்கட்டும், சூட்டில் திரெட் கோணாமல் இருக்கும். வாங்கின சென்சாரையே டம்மியாக மாட்டி வெல்டு செய்த மகானுபாவர்களும் இருக்கிறார்கள். ஆறியபின் திரெட் வெட்டுகிற டாப்பை ஒருமுறை ஓட்டிவிட்டு, திரெட்டில் மட்டும் ஆன்டி-சீஸ் (திரெட் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவுகிற கிரீஸ்) தடவி, 40 முதல் 60 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்குங்கள். மூக்கில் கிரீஸ் படக் கூடாது. கேஸ்கட்டுக்கு சிலிகான் பூசுவதாக இருந்தால் சென்சார் சேஃப் என்று எழுதியதை வாங்குங்கள், மற்ற சிலிகானின் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

ஒயர் நீளம் போதவில்லை என்று கனெக்டரை வெட்டாதீர்கள். அந்த சென்சாருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் கனெக்டருக்குள்தான் இருக்கிறது. நீட்ட வேண்டுமானால் கண்ட்ரோலர் பக்கத்து ஒயரை நீட்டுங்கள். சாவியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யாமல் பேசிக்கொண்டும் நிற்காதீர்கள். ஹீட்டர் அதுபாட்டுக்கு மூக்கைக் காய்ச்சிக்கொண்டிருக்கும், பிறகு ஸ்டார்ட் செய்ததும் தண்ணீர் தெறிக்கும். அந்த டம்ளர் கதைதான் மறுபடியும்.

கேள்வியில் இல்லாத ஒன்று, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். கேஜை 14.7 கணக்கில் (ஒரு பங்கு சுத்தப் பெட்ரோலுக்கு இத்தனை பங்கு காற்று) வைக்காமல், சரியான கலவையை 1 என்று வைத்துக் காட்டுகிற லேம்டாவுக்கு மாற்றிவிடுங்கள். நம் பங்க்குகளில் இப்போது ஊற்றுவது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், அதற்குச் சரியான கலவை 13.5 வாக்கில். சென்சாருக்குத் தெரிந்தது லேம்டா மட்டும்தான், அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுவது கேஜ். லேம்டா 1 என்றால் எந்தப் பெட்ரோலிலும் 1.

கடைசியாக, அந்த டம்மி போல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். கண்ட்ரோலரைக் கழற்றி வைத்திருக்கிற நாட்களில் சென்சாரைச் சும்மா குழாயில் விட்டு வண்டி ஓட்டக் கூடாது, ஹீட்டர் இல்லாத மூக்கில் கரி அப்பிக்கொள்ளும். சென்சாரை எடுத்துவிட்டு அந்த போல்ட்டைப் போட்டு ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் எந்த மணியில் வைத்தீர்கள் என்று ஒரு படம் அனுப்புங்கள் தம்பி. அடுத்த கேள்வி, இன்டேக் ஏர் சென்சார் பற்றி ஒரு அக்கா கேட்டது, அதற்குப் போவோம்.