அடுத்த உருட்டில் தாயம் விழுமா?

வணக்கம் பிள்ளைகளே. சாப்பாட்டு மணி முடிந்த கையோடு கணக்கு பேசச் சொல்லி என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள், கண் சொக்குகிறவர்கள் தாராளமாகச் சொக்கலாம். ஆனால் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொக்குங்கள். என்ன சத்தம்? ஆமாம், தாயக்கட்டை. எங்கள் அப்பத்தாவுடையது, பித்தளை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் ஒரு மாதிரி கரகரவென்று பேசும்.

உங்கள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் கடைசிப் பாடம். கடைசிப் பாடத்தின் கதி என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருப்புதல் தேர்வு கழுத்தில் நிற்கும்போது நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்று அவசர அவசரமாக ஓட்டிவிட்டுப் போவோம். சீட்டுக்கட்டை வீட்டில் தொட்டால் முதுகில் விழும், அதில் எத்தனை ஸ்பேடு என்று கேட்டால் பிள்ளை பாவம் என்ன செய்யும்? அதனால் இன்று கட்டையை வைத்தே பேசுவோம்.

ஒரு கட்டைக்கு நான்கு நீளமுகம். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒன்று வெறும் முகம். இரண்டையும் சேர்த்து உருட்டினால் புள்ளிகளைக் கூட்ட வேண்டும், இரண்டுமே வெறுமையாக விழுந்தால் மட்டும் பூஜ்ஜியம் இல்லை, பன்னிரண்டு. ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது. சின்ன வயதில் எதிராளியின் காய்கள் பாதிக் கட்டத்தைச் சுற்றி வந்தபிறகும் நான் திண்ணையில் தாயத்துக்கு உருட்டிக்கொண்டிருப்பேன். அப்பத்தா சொல்வார், "இத்தனை தடவை விழல, இனி விழாம எங்க போகும்?" அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் தேடுகிறோம்.

முதலில் கூறுவெளியை, அதாவது விழக்கூடிய எல்லா வழிகளையும், எழுதுவோம். நான்கு முகம், நான்கு முகம், மொத்தம் 16. தாயம் எப்படி விழும்? ஒரு கட்டையில் ஒன்று, இன்னொன்றில் வெறுமை. ஒரு வழியா, இரண்டு வழியா? முன்வரிசையில் ஒரு தம்பி "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்கிறான். தம்பி, வெட்கப்படாதே, 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் தலம்பேர் என்ற பெரிய கணித மேதையே கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் சறுக்கினார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு 2/3 என்று எழுதிவைத்தார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, அதனால் தலை, பூ-தலை, பூ-பூ என்று மூன்றே வழி, மூன்றும் சமம் என்பது அவர் வாதம். சரியான விடை 3/4. வழிகளை எண்ணினால் மட்டும் போதாது, எண்ணிய வழிகள் சம வாய்ப்புள்ளவையா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கட்டைக்குச் சிவப்பு நகப்பாலிஷ் பூசிப்பாருங்கள். சிவப்பில் ஒன்று மற்றதில் வெறுமை, சிவப்பில் வெறுமை மற்றதில் ஒன்று, இரண்டும் வேறு வேறு என்று கண்ணுக்கே தெரியும். நகப்பாலிஷ் பூசாவிட்டாலும் கட்டை அப்படியேதான் உருளும்.

ஆக 16 வழியில் தாயத்துக்கு 2, அதாவது 1/8. பன்னிரண்டுக்கு ஒரே வழி. இரண்டு விழ 3 வழி, மூன்று விழ 4, நான்கு விழ 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. கூட்டிப்பாருங்கள், 16 வரும். இப்போது ஒரு வேடிக்கை. எங்கள் ஊர் ஆட்டத்தில் எவை விழுந்தால் மறு உருட்டு? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. இருப்பதிலேயே அரிதான நான்கும் அவைதான்! யார் வகுத்த விதியோ, பின்னம் எழுதிப் பார்த்திருப்பார்களா தெரியாது, ஆனால் கட்டையை நிறைய உருட்டியிருக்கிறார்கள்.

சரி, அப்பத்தாவிடம் வருவோம். வாய்ப்பு 1/8 என்றால் எட்டு உருட்டில் விழுந்துவிட வேண்டுமே என்று தோன்றும். ஒரு உருட்டில் விழாமல் இருக்க வாய்ப்பு 7/8. எட்டு உருட்டும் தொடர்ந்து விழாமல் போக, 7/8-ஐ எட்டு முறை பெருக்குங்கள், சுமார் 0.34. திண்ணையில் மூன்று பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவர் எட்டு உருட்டுக்கு அப்புறமும் என்னைப் போல விழித்துக்கொண்டு இருப்பார். சராசரியாக 8 உருட்டு ஆகும் என்பது உண்மைதான், ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு உருட்டுக்குள்ளேயே விழுந்துவிடும், மிச்சப் பேரில் சிலர் இருபது, இருபத்தைந்து என்று இழுத்துச் சராசரியை மேலே தூக்கிவிடுவார்கள். சராசரியும் இடைநிலையும் (எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண்) வேறு என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிறீர்களே, அது இதுதான்.

எட்டு முறை விழாதவருக்கு ஒன்பதாவதில் வாய்ப்பு எவ்வளவு? அதே 1/8. முன்பு என்ன விழுந்தது என்று பித்தளைக்குத் தெரியாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோவின் மாண்டே கார்லோ சூதாட்ட விடுதியில் சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் உள்ள ரூலட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இனி சிவப்பு வராமல் எங்கே போகும் என்று ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பின் மேல் பணத்தைக் கொட்டியவர்கள் எல்லாம் அன்று பறிகொடுத்தார்கள். கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பேசியது அப்பத்தா கணக்குதான். அப்பத்தாவுக்குப் போனது புளியங்கொட்டை மட்டும்.

இவ்வளவும் நான்கு முகமும் சமம் என்று நம்பிச் சொன்ன கணக்கு. ஆனால் இந்தக் கட்டையைப் பாருங்கள், ஒரு விளிம்பு தேய்ந்திருக்கிறது. சமம்தானா என்று பார்க்க உருட்டித்தான் ஆக வேண்டும், அங்கே புள்ளியியல் ஆரம்பிக்கிறது. 160 தடவை உருட்டினால் சுமார் 20 தாயம் எதிர்பார்க்கலாம். திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு தள்ளிப் போகும் என்ற அளவு, 4 சொச்சம் வருகிறது, அதனால் 16-இலிருந்து 24-க்குள் எது வந்தாலும் புருவத்தை உயர்த்த வேண்டியதில்லை. 35 வந்தால் கட்டை மேல் சந்தேகப்படலாம்.

அந்தக் கட்டையை உங்கள் சாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பெஞ்சுக்கு 20 உருட்டு, எட்டு பெஞ்ச். கோடு போட்டு எண்ணுங்கள், மேசையிலிருந்து கீழே விழுந்ததைச் சேர்ப்பதா வேண்டாமா என்று உருட்டும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், விழுந்த பிறகு இல்லை. எண்ணிக்கையை எனக்கு அனுப்புங்கள். கட்டையையும்தான், அது அப்பத்தாவுடையது.