அம்மாவுக்குப் பத்துக்குப் பத்து!

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் கடலும் இல்லை, கோட்டை மான்களும் இல்லை, பின்னால் தெரிவது திருகோணமலை உப்புவெளி வீட்டுக் குசினிச் சுவர்தான். போன வீடியோவில் கோணேசர் கோயிலடியில் கச்சான் அல்வா கடித்தேன் அல்லவா? "அக்கா, பல்லு கவனம்" என்று எழுதியவருக்கு என்ன வாயோ! அடைத்திருந்த பல் அடைப்பு அப்படியே அல்வாவோடு வந்துவிட்டது.

டவுனுக்குப் போக ஓட்டோ 800 ரூபாய் கேட்டார். உப்புவெளியிலிருந்து! "நடந்தே போகிறேன்" என்று திரும்பினேன். பத்தடி வைக்கவில்லை, 700. இன்னும் பத்தடி, 600. பல்லுக் கொதியோடு பேரம் பேசி வென்றவள் நான், அதை மறந்துவிடாதீர்கள்.

பல்லை அடைத்து முடித்த வைத்தியர், "கல்குலஸ் நிறைய இருக்கு, ஸ்கேலிங் செய்யவேணும்" என்றார். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த கல்குலஸ் ஏ.எல். கணிதத்தில் வந்தது, அதில் எனக்கு எஸ், வெறும் சாதாரணச் சித்தி.

வீட்டுக்கு வந்து தேடினால், பல் வைத்தியச் சொற்கள் பெரியவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கவே ஒரு சோதனை இருக்கிறது. ரியால்ட் 30. அமெரிக்காவில் 2007இல் வந்தது. சுகர், பிரஷ் என்று லேசாகத் தொடங்கி பிரக்சிசம் (பல்லை நறநறவென்று கடிப்பது) மாதிரி வாய் சுளுக்கும் சொற்கள் வரை 30 ஆங்கிலச் சொற்கள். சத்தமாகச் சரியாக வாசித்தால் சொல்லுக்கு ஒரு புள்ளி. பொருள் கேட்பதில்லை!

ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. சொல்லை முன்பே கேட்டிராதவர் தடுக்கிவிடுவார், அதனால் ஓரளவு சரிவரும். தமிழில்? எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதுமே. ஆ, மறந்துவிட்டேன், வைத்தியர் ஒரு துண்டுப்பிரசுரமும் தந்தார். அதிலிருந்து பத்துச் சொல் எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். பற்காறை, ஈறு அழற்சி, பற்சிதைவு... செய்தி வாசிப்பவர் மாதிரி வாசித்தார். பத்துக்குப் பத்து!

"ஈறு எண்டால் என்னம்மா?"

"பேன்ர முட்டை."

அது ஈர், அம்மா! பல் ஈறுக்கு நாங்கள் சொல்வது முரசு, அப்படி எழுதியிருந்தால் உடனே பிடித்திருப்பார். முரசில் இரத்தம் வருகிறது என்று மாதக்கணக்கில் புலம்புகிறவர் அவர். பற்சிதைவு? தெரியாது. சூத்தைப் பல் என்றேன், "அதை அப்பிடிச் சொல்லன்" என்று ஏசினார். பொருளில் பத்துக்கு மூன்று. பற்காறைக்கு மட்டும், "சுவருக்குப் பூசுறதோ?" என்றார். கிட்டத்தட்டச் சரி! என் கல்குலஸும் அதுதான்: பல்லில் படியும் மென்மையான படலம் எச்சிலில் உள்ள கனிம உப்புகள் சேர்ந்து இறுகிக் கல்லாகிவிடும், பிரஷ் போட்டாலும் அசையாது. அதைச் சுரண்டி எடுப்பதுதான் ஸ்கேலிங்.

அதே 2007இல் வந்த டோஃபிலிட் என்ற இன்னொரு பல் வைத்தியச் சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் வாசித்தால் மட்டும் போதாது. பந்தியில் விடுபட்ட சொல்லை நிரப்பவேண்டும், மருந்துக் குறிப்பில் உள்ள எண் விளங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

ஸ்கேலிங் வருகிற புதன்கிழமை. அம்மாவும் முரசைக் காட்ட வருகிறார். ஓட்டோவுக்கு 600க்கு மேல் ஒரு சதம் கொடுக்கமாட்டேன்.