ஒன்றாம் வகுப்பை யாரிடம் கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், யாருக்கு எந்த வகுப்பு என்று ஆசிரியர் அறையில் ஒரு பங்கீடு நடக்கும். பல தொடக்கப் பள்ளிகளில் அது எப்படி முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அனுபவப்பட்டவருக்கு ஐந்தாம் வகுப்பு, புதிதாக வேலைக்கு வந்தவருக்கு ஒன்றாம் வகுப்பு. "சின்னப் பிள்ளைங்கதானே, சமாளிச்சுக்கலாம்" என்பார்கள். ஈராசிரியர் பள்ளி என்றால் பெரும்பாலும் தலைமை ஆசிரியர் நான்கையும் ஐந்தையும் எடுத்துக்கொள்வார். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் மற்றவர் தலையில் விழும். இதைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. பள்ளியிலேயே கைதேர்ந்தவர் யாரோ, அவரிடம்தான் ஒன்றாம் வகுப்பைக் கொடுக்க வேண்டும்.

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்த காலத்தில் பல ஒன்றாம் வகுப்புகளில் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை புத்தகத்தை விரித்து, வரிமேல் விரலை ஓட்டி, தங்குதடையில்லாமல் படிக்கும். புது ஆசிரியராக இருந்தால் பூரித்துப்போய் 'வெரிகுட்' சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். ஒரு மூத்த டீச்சர் அப்படிப் போகவில்லை. பக்கத்திலிருந்த படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "இப்பப் படி தங்கம்" என்றார். அப்போதும் பிள்ளை கடகடவென்று படித்தது. அப்புறம் வரியின் நடுவிலிருந்த ஒரு சொல்லைத் தொட்டு, "இது மட்டும் என்ன?" என்று கேட்டார். பிள்ளையின் உதடு அசைந்தது. வரியை முதலிலிருந்து முணுமுணுத்து, அந்தச் சொல் வரும் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது! அதுவரை நடந்தது படிப்பு இல்லை, ஒப்பிப்பு. கெட்டிக்காரப் பிள்ளை, காதால் கேட்டே பாடத்தை மனப்பாடம் செய்திருக்கிறது, எழுத்து தெரியாது. யாரும் கவனிக்காமல் விட்டால் இது மூன்றாம் வகுப்பில் பாடம் நீளமாகும்போதுதான் வெளியே வரும். அதற்குள் 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று பெயர் விழுந்துவிடும். அந்த டீச்சர் கண்டிக்கவில்லை. அந்தச் சொல்லை மட்டும் சிலேட்டில் எழுதிக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். முழுதாக இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

தமிழ் எழுத்தைக் கற்பிப்பதிலும் இந்தக் கண் தேவைப்படுகிறது. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பது சுலபம். தேர்ந்த ஆசிரியர் ட, ப, ம என்று கைக்கு எளிதாக வரும் எழுத்துகளில் தொடங்குவார். புள்ளியைச் சொல்லிக்கொடுத்ததும் படம், மடம், பட்டம் என்று பிள்ளை சொல்லாகவே படித்துவிடும். கால் சேர்ந்தால் பாடம், மாடம். சிக்கல் கொம்பில் இருக்கிறது. கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்று எழுதிக் காட்டினால் சில பிள்ளைகள் 'கெர' என்று படிப்பார்கள். பார்க்க ர மாதிரியே இருக்கும் காலை வேறு எப்படிப் படிப்பார்கள்? பிள்ளை சரியாகத்தான் யோசித்திருக்கிறது என்பது தெரிந்த ஆசிரியருக்குக் கோபம் வராது. உகர வரிசையில் இன்னொரு தொல்லை: கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளையும். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணா, றா, னா, ணை, லை எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. உகர, ஊகார வரிசைகள் பழையபடியே நின்றுவிட்டன. அனுபவசாலிகள் அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பாடத்திட்டம் பின்னால் வரட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

திட்டங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. ஆந்திராவிலுள்ள ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிகளின் அனுபவத்திலிருந்து எடுத்த செயல்வழிக் கற்றல், அதாவது ஒவ்வொரு பிள்ளையும் அட்டைகளைக் கொண்டு தன் வேகத்தில் கற்கும் முறை, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகள், எதற்குப் பின் எதைக் கற்பது என்று காட்டும் ஏணிப்படி, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் சுவரோரம் அமைத்த கரும்பலகை. இப்போது, 2022 முதல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரிக்கிறோம். சரி, நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பிள்ளை அரும்பா மொட்டா என்று யார் சொல்வது? உள்ளங்கையால் படத்தை மூடத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

அப்படிப்பட்டவர் ஏன் ஒன்றாம் வகுப்பில் நிலைப்பதில்லை? பதவி உயர்வு வந்தால், ஐந்தாம் வகுப்புவரை பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியர் தலைமை ஆசிரியராகிறார், இல்லையென்றால் பட்டதாரி ஆசிரியராகி ஆறாம் வகுப்புக்கு மேல் போய்விடுகிறார். சின்னப் பிள்ளைகளை விட்டு விலகுவதுதான் முன்னேற்றம் என்று ஆக்கி வைத்திருக்கிறோம். 2019இல் 2381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி, உபரி என்று கணக்கிட்ட இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். பதவி இறக்கிவிட்டார்கள் என்று அந்த ஆசிரியர்கள் வழக்குக்கூடப் போட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். உபரியானவர்களை அனுப்பும் இடம் என்றால் யாருக்குத்தான் மனசு ஒப்பும்? மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது தனிப் பயிற்சி தேவைப்படும் வேலை என்பதையும் அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை.

ஒன்றாம் வகுப்பிலேயே இருந்துகொண்டு பதவியும் சம்பளமும் உயர ஒரு வழி வேண்டும். அது அரசு செய்ய வேண்டியது, நாளாகும். இந்த ஜூனிலேயே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றியெல்லாம் கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். அதோடு, "இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு யாருக்கு சார், ஏன் அவருக்கு?" என்றும் கேளுங்கள். புது ஆசிரியர்தான் என்று பதில் வந்தால், மூத்தவர் ஒருவர் தினம் ஒரு பாடவேளையாவது அந்த வகுப்பில் கூட இருக்க முடியுமா என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.