தயக்கம் கைக்கு வரக்கூடாது

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். மணியில கை வைக்க நீங்க காட்டுற அவசரத்தைப் பார்த்தா, நீங்களும் எட்டு மாசத்துலயே பிறந்திருப்பீங்களோன்னு ஒரு சந்தேகம். பச்சைக்குழந்தை ஐ.சி.யூ.வுல வேலை பார்க்கிறவ நான், அந்தப் பழக்கதோஷம், மன்னிச்சுக்கோங்க.

"மிகக் குறைமாதக் குழந்தையை உயிர்ப்பிக்கும்போது செவிலியரின் தயக்கம் வழிகாட்டியா, தடையா?" தடைன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி சிஸ்டர், ரெண்டு அர்த்தத்திலயும் சிஸ்டர்தான், கேட்டாங்க: "மூச்சுக்கு ட்யூப் போட்டுட்டு டாக்டர் போயிடுவார். ஈரக் காகிதம் மாதிரி இருக்கிற தோல்ல நரம்பு தேடிக் குத்துறது யாரு? ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு நின்னா பாதத்தைச் சுண்டி எழுப்புறது யாரு?" கைதட்டல் பலமா விழுந்துச்சு. நானும் தட்டினேன். அந்த வலி பொய்யில்ல.

ஆனா நாம பார்க்கிறது குழந்தை ஐ.சி.யூ.வுல இருக்கிற அந்த மூணு மாசத்தை மட்டும்தானே? பிழைச்சு வீட்டுக்குப் போற பிள்ளை நம்ம கண்ணுலயிருந்து மறைஞ்சுடுது. மூளையில ரத்தம் கசிஞ்சு போன பிள்ளை மட்டும் மனசுலயே தங்கிடுது. அதை வச்சு அடுத்த பிள்ளைக்குக் கணக்குப் போட்டா, அந்தக் கணக்கு எப்படிச் சரியா வரும்?

1963-ல அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு ஆண் குழந்தை. பேரு பேட்ரிக். அஞ்சரை வாரம் முன்னாடி பிறந்தான். எடை ரெண்டு கிலோவுக்கு மேல! நுரையீரல் விரியாம ரெண்டே நாள்ல போயிட்டான். அன்னைக்கு அங்க நின்ன நர்ஸோட அனுபவம் என்ன சொல்லியிருக்கும்? இன்னைக்கு அதே எடையில வந்தா, நம்ம மாவட்ட ஆஸ்பத்திரியில சீபேப், அதாவது மூக்கு வழியா காத்தழுத்தம் கொடுத்து நுரையீரலை விரிச்சு வைக்கிற கருவி, போட்டு, அம்மா நெஞ்சோட அணைச்சு வச்சு அனுப்புறோம். நாங்க படிச்ச புத்தகத்துல பிழைக்கிற எல்லை 28 வாரம். ஜப்பான்ல 1991-லேயே சட்டத்துல அந்தக் கோட்டை 24-லிருந்து 22-க்கு இறக்கினாங்க. அங்க முயற்சி பண்றாங்க, பிழைக்குது. இங்க "பிழைக்காது"ன்னு விட்டுடுறோம், பிழைக்கல. அப்புறம் அதையே அனுபவம்ங்கிறோம்.

நம்ம ஊர்ல 24 வாரத்துல பிறந்தா பிழைக்கிறது இன்னைக்கும் குறைவுதான், ஒத்துக்கறேன். ஆனா அது 24 வாரம்தான்னு யார் சொன்னது? தலைக்குக் குளிச்ச தேதி பல அம்மாக்களுக்கு நினைவில்ல. முதல் மூணு மாசத்துல ஸ்கேன் எடுக்கலைன்னா ஒண்ணு ரெண்டு வாரம் முன்னப்பின்ன ஆகும். இந்தக் குழந்தைங்களுக்கு ஒரு வாரம்ங்கிறது உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம். கண் இமை ஒட்டியிருக்கு, தோல் கண்ணாடி மாதிரி இருக்குன்னு பார்த்த உடனே முகத்தைச் சுளிக்கிறோம் பாருங்க, அதைத்தான் தடைங்கிறேன்.

மனசுல இருக்கிற தயக்கம் கைக்கு இறங்கும் ஐயா. குழந்தைக்குச் சூடு கொடுக்கிற வார்மரை முன்னாடியே போட்டு வைக்க மாட்டோம். உடம்புச் சூடு போகாம குழந்தையைச் சுத்தி வைக்கிற பிளாஸ்டிக் பை எடுத்து வைக்க மாட்டோம். மூச்சு கொடுக்க நமக்கு இருக்கிறது முதல் ஒரு நிமிஷம். அதுல பாதி அலமாரி தேடுறதுலயே போயிடும். குழந்தை குளிர்ந்துடும். மூச்சு கொடுக்கிற பேக்கை அரைமனசா அமுக்குறது, செய்யாம விடுறதைவிட மோசம். பிழைச்சாலும் பாதிப்போட பிழைக்கும். அப்ப எதிரணி சொல்வாங்க: "பார்த்தீங்களா, அன்னைக்கே சொன்னோமே!"

அப்போ நர்ஸ் வாயை மூடிட்டு நிக்கணுமான்னு கேட்பாங்க. இல்லவே இல்ல. பேசணும், பிரசவத்துக்கு முன்னாடி பேசணும். அம்மா அப்பாவை உட்கார வச்சு டாக்டர் விளக்கும்போது பக்கத்துல நம்ம நாற்காலியும் இருக்கணும். பார்த்ததை எல்லாம் சொல்லணும், வலியையும் சேர்த்து. மூணாம் நாள் எடுக்கிற மூளை ஸ்கேன் மோசமா வந்தா, "இன்னும் தொடரணுமா டாக்டர்?"னு முதல்ல கேட்கிற துணிச்சலும் நமக்கு வேணும். அம்மா அப்பா வேண்டாம்னு முடிவெடுத்தா, அவங்க மடியிலயே குழந்தையைக் கொடுத்து வலி தெரியாம வழியனுப்புறதும் நம்ம வேலைதான்.

முயற்சி பண்ணலாம்னு முடிவாகிட்டா, பிரசவ அறை வாசல்ல நின்னு "இது தேறுமா டாக்டர்?"னு கேட்கக்கூடாது. அங்க சிஸ்டர் கேட்க வேண்டியது ஒண்ணுதான்: "ரெண்டரை சைஸ் ட்யூப் எடுத்து வச்சுட்டேன், வேற என்ன வேணும்?"

அடிங்க ஐயா மணியை.