மீன் சந்தைக்கு விருந்தாளியாகப் போவது

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்திருக்கும் ஐயாக்களே, வார்டு உறுப்பினர் சகோதரி அவர்களே, எல்லாருக்கும் மேலாக, ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து வியாபாரம் முடித்து, தூங்க வேண்டிய நேரத்தில் இங்கே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மீன்கார அம்மாக்களே, வணக்கம். அம்மா, ஏன் அங்கே? முன்னாடி ஆறு நாற்காலி காலியாக இருக்கிறது, வாங்க. முதல்வர் அம்மாவே கூப்பிடுகிறார், பாருங்கள். இப்போதுதான் கூட்டத்துக்கு ஒரு களை வந்திருக்கிறது. மைக் போட்ட தம்பிக்கும், வந்தவுடன் டீ கொடுத்த பிள்ளைகளுக்கும் நன்றி.

செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாள். 'மீன் சந்தைக்குப் போகும் பயணி எப்படி நடந்துகொள்ள வேண்டும்' என்று பேசச் சொன்னார்கள். நாய் விற்ற காசு குரைக்குமா, மீன் விற்ற காசு நாறுமா என்று ஒரு பழமொழி இருக்கிறது இல்லையா, நான் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. பணத்தைப் பற்றிய பழமொழி என்பார்கள். எனக்கு அது மீன் விற்கிற மனுஷியைப் பற்றிய பழமொழி.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். காலை எங்கே வைப்பது, கேமராவை எப்போது எடுப்பது, என்ன வாங்குவது. முதலில் கால். காசிமேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் போயிருப்பீர்கள். தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் செதிலும். தலையில் கூடையோடு வருகிறவர் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, வண்டியில் ஐஸ் தள்ளிக்கொண்டு வருகிறவர் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அவர்கள் போகிற வழியில் நாம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். டோக்கியோவில் சுக்கிஜி என்று பெரிய மீன் சந்தை இருந்தது. சூரை ஏலத்தைப் பார்க்க வந்தவர்கள் மீனைத் தொட்டுப் பார்ப்பதும் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பதுமாக இருந்ததால், கொஞ்ச நாள் யாரையுமே விடவில்லை, அப்புறம் ஒரு நாளைக்கு 120 பேர் மட்டும் என்று வைத்தார்கள். 2018 அக்டோபரில் மொத்த வியாபாரம் தொயோசு என்ற புதுச் சந்தைக்குப் போய்விட்டது, அங்கே கண்ணாடிக்குப் பின்னால் மேலே நின்று பார்க்கலாம். நமக்குக் கண்ணாடிச் சுவர் வேண்டாம். நாமாகவே நாலடி தள்ளி நிற்கலாமே.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு அம்மா. இருபது வருஷம் இருக்கும். ஊர்ப் பெயர் வேண்டாம், கிழக்குக் கடற்கரையில் ஒரு மீன் இறங்குதளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கேமரா, வெள்ளைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை, இதுதான் அன்றைக்கு நான். ஏலம் நடக்கிறது, சங்கராவும் பாறையும் கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள், நல்ல படம் கிடைக்கும் என்று ஏலம் கூவுகிறவருக்கு எதிரே போய் நின்றேன். பின்னாலிருந்து ஒரு ஈரக் கை என் முழங்கையைப் பிடித்து இழுத்தது. "தம்பி, நீ நிக்கிறது அவரு கண்ணுக்கும் என் கைக்கும் நடுவுல. என் கை அவருக்குத் தெரியலன்னா கூடை போயிடும்." போய்விட்டது. அந்தக் கூடையை வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மா விடியற்காலையில் தண்டலுக்கு வாங்கிய பணத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு நிற்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் வட்டியோடு திருப்பித் தர வேண்டிய பணம். எனக்கு அங்கேயே உடம்பு கூசிப்போய்விட்டது.

திட்டவில்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் காட்டி, "உக்காரு, இங்கேருந்து பாரு" என்றார். உட்கார்ந்தேன். அடுத்த கூடை அவருக்குக் கிடைத்தது. செவுளைத் தூக்கிக் காட்டினார், ரத்தச் சிவப்பாக இருந்தது. மீன் கண்ணைப் பார்க்கச் சொன்னார், குழி விழாமல் பளிச்சென்று இருந்தது. நெத்திலியை ஒரு பக்கம், காரப்பொடியை ஒரு பக்கம் கூறு கட்டினார். கேமராவை எடுக்கலாமா என்று அப்போதுதான் கேட்டேன். "என்னை எடுக்காத, மீனை எடு. என் பொண்ணு காலேஜ்ல படிக்கிது" என்றார். இரண்டாவது விஷயமும் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள்.

எட்டு மணிக்கு வெயில் ஏறிவிட்டது, கூரையும் இல்லை. என் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் கையில் ஊற்றிக் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். குடிங்கம்மா என்றேன். "தண்ணி குடிச்சா எங்கப்பா போறது?" என்றார். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தவர், பதினொரு மணிக்குத்தான் வீடு. சுற்றிலும் ஐம்பது அறுபது பெண்கள் இருப்பார்கள், யார் கையிலும் தண்ணீர் பாட்டில் இல்லை. அதற்கப்புறம்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். கழிப்பறை என்று ஒரு கட்டடம் இருந்தது, கதவில் பூட்டு, பூட்டில் துரு.

நான் வாங்கிய மீனுக்குச் சில்லறை கொடுத்தார். சுருக்குப்பையிலிருந்து வந்த பத்து ரூபாய் நோட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அதே நோட்டைப் பேருந்தில் கொடுத்தேன், நடத்துநர் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு டிக்கெட் கிழித்தார். மீன் விற்ற காசு நாறுமா? நாறவில்லை. அந்தக் காசைக் கொடுத்த அம்மா கூடையோடு ஏறியிருந்தால்? 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டதை நாம் எல்லாரும் காணொளியில் பார்த்தோம். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். நடவடிக்கை வந்தது, நல்லது. மூக்கைப் பொத்துகிற பழக்கத்தை யார் பணியிடை நீக்கம் செய்வது? மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தைக்குள் நுழைகிற பயணியும் அதே கூட்டம்தான். நானும் அப்படித்தான் போனேன், அதனால் சொல்கிறேன்.

மூன்றாவது, என்ன வாங்குவது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் அது. அப்போது போய் "ஏன் பெரிய மீன் இல்லை?" என்று சண்டை போடாதீர்கள், நாட்டுப்படகில் வந்ததை வாங்குங்கள். கடல்குதிரை, கடல் அட்டை யார் நீட்டினாலும் வேண்டாம், 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. பேரம் பேசுவதைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஒன்றை மட்டும் விட மாட்டேன். ஏலக்கூடம் கட்டுகிறார்கள், வலை பின்னும் கூடம் கட்டுகிறார்கள், படகுக்கு டீசல் மானியம் கொடுக்கிறார்கள், எல்லாம் வேண்டும்தான். மீன் விற்கிற பெண்ணுக்கு ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்திருக்கிற, விளக்கு எரிகிற, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற, குழாயில் தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை வேண்டும். நாகப்பட்டினமோ, தூத்துக்குடியோ, ராமேசுவரமோ, எந்தக் கடற்கரைக்குச் சுற்றிப் பார்க்கப் போனாலும் முதலில் அதைத் தேடிப் பாருங்கள். பூட்டியிருந்தால் பூட்டைப் படம் எடுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தேதி போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரிலேயே போய்க் கொடுங்கள். சுற்றுலாப் பயணி எழுதினால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் படிப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம், மனு அதன் மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. முதல் கையெழுத்தை முன்வரிசையில் இருக்கும் இந்த அம்மாக்கள் போடட்டும், அடுத்தது வார்டு உறுப்பினர் சகோதரி, அப்புறம் நாமெல்லாம். அம்மா, வாங்க, தண்ணீர் குடித்துவிட்டு வாங்க. இங்கே கழிப்பறை திறந்துதான் இருக்கிறது, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.