ஊசியின் மூக்கை அறுத்த அரை பிக்சல்

வணக்கம். இன்று இசை கிடையாது, முகப்பு கிடையாது. மூன்று நாளாக ஒரு அரை பிக்சல் என் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கொட்டித் தீர்த்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.

போன காணொளியில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலில் ஒரு திசைகாட்டி ஐகான் வரைந்தேன். ஒரு வளையம், மேல் பாதி சிவப்பும் கீழ்ப் பாதி சாம்பலுமாக ஒரு ஊசி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் பெரிய சாதனை செய்தவர் போல விடைபெற்றேன். கீழே ஒருவர் இரண்டே வரி எழுதியிருந்தார்: “ஊசி துடுப்பு மாதிரி தடியாக இருக்கிறது. அதோடு நடுவிலும் இல்லை.”

முதல் வரியை ஒப்புக்கொண்டேன். இரண்டாவது வரியைப் படித்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. நடுவில் இல்லையா? நான் கண்ணால் அளந்து வைக்கிற ஆளா? வளையத்தையும் ஊசியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ அழுத்திச் சீரமைப்புப் பலகத்தைத் திறந்து, கிடைமட்ட நடு, செங்குத்து நடு இரண்டையும் சொடுக்கினேன். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். கணினி நடுவில் வைத்ததை நடுவில் இல்லை என்று ஒருவர் சொல்வதா என்று பெருக்கிப் பார்த்தேன். பார்த்தால், அவர் சொன்னது சரி. சிவப்பும் சாம்பலும் சேரும் கோடு வெள்ளைப் புள்ளியின் நடுவே ஓடாமல், கிட்டத்தட்ட ஒரு பிக்சல் கீழே இறங்கி நிற்கிறது.

சரி, அந்த வழக்கு அப்புறம் என்று ஒதுக்கிவிட்டு முதலில் ஊசியை இளைக்கவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் வினை.

அதற்கு முன், போன முறை சொல்ல மறந்த ஒன்று. இங்க்ஸ்கேப்பில் புதுக் கோப்பு திறந்தால் ஏ4 தாள், மில்லிமீட்டர் கணக்கில் வரும். ஐகானுக்கு அது ஆகாது. ஆவணப் பண்புகளில் அலகைப் பிக்சலுக்கு மாற்றி, அகலம் 24, உயரம் 24 என்று கொடுத்து, ஒரு பிக்சல் இடைவெளியில் கட்டக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏன் 24? பல ஐகான் தொகுப்புகள் இந்தக் கட்டத்தில்தான் வரையப்படுகின்றன. ஃபெதர் என்ற திறமூலத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். அதன் திசைகாட்டியும் 24 பிக்சல் சதுரம்தான். ஆரம் 10 உள்ள வட்டம், 2 பிக்சல் கோடு. என் வளையத்துக்கும் அதே அளவு. 2 பிக்சல் கோட்டின் நடுக்கோடு முழு எண்ணில் அமர்ந்தால் இருபுறமும் ஒவ்வொரு பிக்சலை முழுதாக நிரப்பும், விளிம்பு கூர்மையாக நிற்கும். அதே இடத்தில் 1 பிக்சல் கோடு போட்டால் இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை என்று இரண்டு பிக்சல்களும் சாயம் போன துணி போல வெளிறிவிடும்.

இன்னொன்று. என் பழைய காணொளிகளைப் பார்த்து எண்களைத் தட்டுகிறவர்களுக்கு: அப்போது இங்க்ஸ்கேப்பில் ஒய் மதிப்பு, அதாவது செங்குத்து இடத்தைச் சொல்லும் எண், கீழிருந்து மேலே கூடும். 2020இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து மேலிருந்து கீழே கூடுகிறது. இங்க்ஸ்கேப் படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்புக்குள் எப்போதுமே அப்படித்தான். ஆகவே நான் அன்று 19 என்றது இன்று 5. வடமுனை கீழே போய்விட்டது என்று எழுதியவரே, உங்கள் கணினி நலமாக இருக்கிறது.

ஊசிக்கு வருகிறேன். மேல் பாதி ஒரு முக்கோணம்: நுனி ஒய் 5இல், அடி ஒய் 12இல், அடியின் அகலம் 4 பிக்சல். கீழ்ப் பாதி அதன் நகல். கன்ட்ரோல் டி அழுத்தி நகலெடுத்து, முக்கோணத்தை இரண்டாம் முறை சொடுக்கினால் சுழற்சி அம்புகளும் நடுவில் ஒரு சிலுவைக் குறியும் வரும். அந்தச் சிலுவையை அடிக்கோட்டின் மத்திக்கு இழுத்துவிட்டு, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு 180 பாகை சுற்றவேண்டும். சிலுவையை நகர்த்தாமல் சுற்றினால் முக்கோணம் நின்ற இடத்திலேயே தலைகீழாகும். அதை நான் எத்தனை முறை செய்திருக்கிறேன் என்பது உங்களுக்கு மனப்பாடம்.

மேல் பாதிக்குச் சிவப்பு நிரப்பி, 1 பிக்சலில் அடர்சிவப்பு வெளிக்கோடும் போட்டேன். சாம்பல் பாதிக்குப் போடவில்லை. ஏன் போட்டேன்? பழக்கம். எதைக் கண்டாலும் வெளிக்கோடு போடுகிற என் கையை நீங்கள் மூன்று வருடமாகக் கேலி செய்கிறீர்கள்.

இப்போது துடுப்பை இளைக்கவைக்க வேண்டும். கணுக்களை, அதாவது வடிவத்தின் மூலைப் புள்ளிகளை, நகர்த்தும் கணுக் கருவியை எடுத்து அடியின் இரண்டு மூலைகளையும் கால் பிக்சல் கால் பிக்சல் உள்ளே தள்ளினேன். அகலம் 4 இருந்தது, 3.5 ஆனது. மொத்தமே அரை பிக்சல்தான். தள்ளி முடித்ததும் சிவப்பு ஊசியின் மூக்கு அறுந்து விழுந்தது!

மிகைப்படுத்தவில்லை. நுனி இருந்த இடத்தில் மழுங்கிய ஒரு கட்டை. ஏறக்குறைய 1.7 பிக்சல் நீளம் காணாமல் போனது. 24 பிக்சல் படத்தில் 1.7 என்றால் சும்மா இல்லை, வடக்கு முனை தெற்கு முனையைவிடக் குட்டையாகத் தெரியுமளவுக்கு இழப்பு. பின்வாங்கினேன், மூக்கு வந்தது. மறுபடி தள்ளினேன், போனது. 3.7க்கு மூக்கு உண்டு, 3.5க்கு இல்லை. கணு தவறிவிட்டதோ என்று அழித்து வரைந்தேன். கோப்பு கெட்டுவிட்டதோ என்று புதுக் கோப்பில் வரைந்தேன். நிரலை மூடித் திறந்தேன், கணினியை அணைத்துப் போட்டேன். இப்படியே ஒன்றரை மணி நேரம். இரண்டு கோடு கூடுகிற ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம்!

காரணம் என்ன தெரியுமா? மைட்டர் எல்லை. வெளிக்கோட்டுப் பலகத்தில் கோடுகள் கூடும் மூலையைக் கூர்மையாக விடவா, உருட்டவா, வெட்டவா என்று கேட்கும் மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் 4 என்று எழுதியிருக்கும். அந்த 4ஐ வருடக்கணக்காகப் பார்க்கிறேன், ஒருநாளும் என்னவென்று கேட்டதில்லை. தவறு முழுக்க என்னுடையது. கூர்மையான மூலையில் வெளிக்கோடு வடிவத்தைத் தாண்டி நீண்டு போய்த்தான் முனையும். கோணம் குறையக் குறைய அந்த நீட்சி எகிறும், ஊசி முனையானால் எங்கேயோ போய் நிற்கும். அதனால் எஸ்விஜி தரத்திலேயே ஒரு கடிவாளம் இருக்கிறது: அந்த முனையின் நீளம் கோட்டுத் தடிமனைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் வெட்டிவிடு. நான்கு மடங்கு என்பது கோணக் கணக்கில் சுமார் 29 பாகை. என் தடி ஊசியின் நுனி 32 பாகை, தப்பித்தது. இளைத்த ஊசி 28 பாகை. போயே போய்விட்டது.

பெட்டியில் 4ஐ 8 ஆக்கினேன். மூக்கு முளைத்தது. எழுந்து நின்று கைதட்டினேன், வீட்டில் யாரும் இல்லாததால் சொல்கிறேன்.

கைதட்டிய கை அப்படியே நின்றது. மூக்கு நீண்டு வளையத்தை முட்டிக்கொண்டிருந்தது. நுனி நடுவிலிருந்து 7 பிக்சல் தூரத்தில்தானே வைத்தேன்? வளையத்தின் உள்விளிம்பு 9இல் இருக்கிறது. இடையில் இருக்கவேண்டிய 2 பிக்சல் எங்கே? வெளிக்கோட்டின் முனை தின்றுவிட்டது. அப்போதுதான் அந்த இரண்டாவது வரி பொறிதட்டியது. நடுவில் இல்லை என்றாரே!

இங்க்ஸ்கேப் விருப்பத்தேர்வுகளில், கருவிகள் பக்கத்தில், எல்லைப் பெட்டியை, அதாவது வடிவத்தைச் சுற்றி நிரல் போட்டுக்கொள்ளும் செவ்வகத்தை, எப்படி அளக்கவேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கும். கண்ணுக்குத் தெரிவது அத்தனையையும், அதாவது வெளிக்கோட்டையும் சேர்த்து அளப்பது ஒரு வழி. வடிவத்தின் கணுக்களை மட்டும் அளப்பது இன்னொரு வழி. என்னுடையது முதல் வழியில் இருந்தது. மேல்பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 2 பிக்சல் மூக்கு நீட்டிக்கொண்டிருக்க, கணினி அந்த மூக்கையும் சேர்த்து அளந்து, ஊசி மொத்தத்தையும் நடுவில் வைத்திருக்கிறது. மேலே 2 கூடினால் நடு 1 நகரும். அதுதான் அந்த ஒரு பிக்சல். சீரமைப்புப் பலகம் பொய் சொல்லவில்லை. அது வேறொன்றின் நடுவைச் சொன்னது, நான் வேறொன்றைக் கேட்டேன். துடுப்பு என்று எழுதிய நண்பரே, இரண்டு வரியில் இரண்டு குற்றம் சொன்னீர்கள், இரண்டுக்கும் ஒரே வெளிக்கோடுதான் குற்றவாளி. உங்களுக்குக் கோபமாக ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன், அனுப்பவில்லை. நல்லவேளை.

தீர்வு? வெளிக்கோட்டை எடுத்தேன். அவ்வளவுதான். மைட்டரும் இல்லை, மூக்கும் இல்லை, நிரப்பு நிறம் மட்டும். விருப்பத்தேர்வையும் வடிவ அளவுக்கு மாற்றிவிட்டேன். இப்போது வளையத்தைச் சொடுக்கினால் அகலம் 20 என்று காட்டும், முன்பு 22 காட்டியது. எண் மாறிவிட்டதே என்று பதறாதீர்கள்.

அடுத்து ஊசியை 45 பாகை சாய்த்தேன். நேராக நிற்கும் ஊசி எனக்குப் பிடிக்காது. சிறிய அளவில் பன்னிரண்டு மணி காட்டும் கடிகாரம் போல இருக்கும். சாய்ந்தால் ஏதோ திரும்பிக்கொண்டிருக்கிறது என்ற உயிர் வந்துவிடுகிறது. இன்னொரு லாபம், வளையத்தின் உள்ளே நான்கு திசைக்கும் 2 பிக்சல் கோடு வைத்தால் நிமிர்ந்த ஊசியின் நுனி மேல் கோட்டை இடிக்கும், சாய்ந்த ஊசி இடிக்காது. கன்ட்ரோல் பிடித்துச் சுற்றினால் 15 பாகைக்கு ஒரு தடை, மூன்று தடை கடந்தால் 45.

நான்கு கோடு போதுமா, மாலுமிகளின் திசைகாட்டியில் 32 இருக்குமே என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான், 11.25 பாகைக்கு ஒன்று. ஆனால் இந்த வளையத்தின் சுற்றளவு 63 பிக்சல்கூட இல்லை. ஒரு திசைக்கு இரண்டு பிக்சல்கூடக் கிடைக்காது. நான் வைத்தும் பார்த்தேன். பல்சக்கரம்.

எழுத்து வேண்டும் என்று கேட்டவர்கள் ஆசையையும் விடவில்லை. வ, கி, தெ, மே என்று நான்கு பக்கமும் வைத்தேன். ‘வ’ அழகாக உட்கார்ந்தது. ‘தெ’ ஒற்றைக் கொம்போடு ஒரு பக்கம் சாய்ந்தது. ‘மே’ இரட்டைக் கொம்போடு இரண்டு ஆள் இடத்தைப் பிடித்தது. ‘கி’யின் மேல்விலங்கு 5 பிக்சல் உயரத்தில் கரைந்து வெறும் ‘க’ ஆனது. 48 பிக்சலுக்கு மேல் வரைந்தால் ‘வ’ ஒன்றை மட்டும் வைப்பேன். அதையும் பாதையாக, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாக, மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்தவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் வேறு முகத்தோடு வரும்.

பளபளப்பு, நிழல், கண்ணாடி மினுக்கு, பித்தளை நிறச் சரிவு எல்லாம் ஏன் இல்லை என்று யாரும் கேட்காதீர்கள். கேட்டாலும் பதில் வராது. நிறத்தில் ஒன்று மட்டும் திருத்தினேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தபோது என் சிவப்பும் சாம்பலும் ஒரே அடர்த்தியில் இருந்தன, எது வடக்கு என்று எனக்கே தெரியவில்லை. சாம்பலை நன்றாக வெளுத்தேன்.

இடையில் ஒன்று விட்டுவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ‘காம்பஸ்’ என்று ஐகான்களைத் தேடினேன். பாதிக்குப் பாதி வட்டம் போடும் கருவி வந்து நின்றது. தமிழில் திசைகாட்டி வேறு, கவராயம் வேறு. தமிழில் குறிச்சொல் போட்டால் இந்தக் கலப்பு வராது. என் கோப்புகளுக்குப் போட்டுவிட்டேன்.

16 பிக்சலுக்கு இதையே சுருக்காதீர்கள். 2 பிக்சல் கோடு 1.33 ஆகி மங்கும். தனியாக வரையுங்கள்: ஆரம் 6.5, கோடு 1. அரையில் முடியும் ஆரத்தோடு 1 பிக்சல் கோடு சரியாக ஒரு பிக்சலுக்குள் அமரும். சாய்ந்த ஊசி அங்கே எப்படி இருக்கும் என்பது அடுத்த காணொளி. இப்போதே பார்த்துவிட்டேன், அவ்வளவு நன்றாக இல்லை.

மேல் கோட்டை மட்டும் 3 பிக்சலாக நீட்டி வடக்கைத் தனியாகக் காட்டலாமா, உங்கள் கருத்து என்ன? வேண்டாம், சொல்லாதீர்கள். பேசிக்கொண்டே நீட்டிவிட்டேன்.